ஆயுத பூஜைக்கு மறுநாள் எடை காட்டாத எடைமேடை

1

இந்த வருஷமும் ஆயுத பூஜையன்று அலுவலகத்தில் என் கணினித் திரையின் ஓரத்தில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். கடுகளவுதான். குங்குமம் வைக்கத் தைரியம் வரவில்லை. ராட்டர்டாமில் யாராவது அதைப் பார்த்து ரத்தக்கறை என்று பயந்துவிட்டால் யார் விளக்கம் சொல்வது? சாயங்காலம் அலுவலகத்தைத் துடைக்க வந்த அம்மா அதைக் காபிக் கறை என்று நினைத்து அழுத்தித் துடைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் பக்கத்து மேஜை மரெய்க்கே கேட்டாள். “அந்த மஞ்சள் புள்ளியைப் போன வருஷமும் பார்த்தேன். என்ன அது? திரையில் ஏதாவது கோளாறா?”

எங்கள் ஊரில் வருஷத்தில் ஒரு நாள் வேலைக் கருவிகளுக்கு ஓய்வு, அன்றைக்கு எல்லாவற்றையும் நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைத்துக் கும்பிடுவோம் என்றேன்.

“நிறுத்துவீர்களா? முழுசாகவா? சர்வர்களைக்கூடவா?”

அவள் கையில் இருந்த காபிக் கோப்பை அப்படியே நின்றுவிட்டது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது நியாயமான பயம். மாசக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினியை அணைத்தால், திரும்பப் போடும்போது அது அதே கணினியாக எழுந்து வரும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். எனக்கு அது நன்றாகவே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே நாட்களில் அது என் நைனாவின் பிழைப்பைப் பிடுங்கப் பார்த்தது.

மரெய்க்கேவிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. டச்சு மொழியில் எனக்குப் பாதிக் கதைதான் வரும். முழுசையும் இங்கே எழுதுகிறேன். விம்கோ நகர் பக்கம் போகிறவர்கள் யாராவது படித்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

2

என் நைனா கன்னியப்பன் இருபது வருஷத்துக்கு மேல் மூட்டை தூக்கியவர். துறைமுகம், ராயபுரம் குடோன்கள், அப்புறம் எண்ணூர் பக்கத்து யார்டுகள். பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் முதலில் போனவன் நான்தான். ஆனால் நைனாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், அதுவும் பெரிய எழுத்து மட்டும். பெட்டிகளின் மேலும் சாக்குகளின் மேலும் மையடித்திருப்பார்களே, எந்த ஊருக்குப் போகும் சரக்கு என்று, அதைப் பார்த்துப் பார்த்து வந்த படிப்பு. எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரியாது. எந்த எழுத்தில் ஆரம்பித்தால் எந்த அட்டியில் அடுக்கவேண்டும் என்று தெரியும். எண்கள் எல்லாம் தெரியும்.

ஒரு நாள் அட்டி சரிந்து ஒரு மூட்டை அவர் இடுப்பில் விழுந்தது. நாலு மாசம் காலடிப்பேட்டையில் வீட்டோடு கிடந்தார். எழுந்த பிறகு குனிய முடியவில்லை. தூக்கித் தூக்கியே பழகிய ஆள், ஒரு வேலையும் இல்லாமல் வாசலில் போகிற லாரியை எல்லாம் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தண்டையார்பேட்டை காதர் பாய் எண்ணூர் நெடுஞ்சாலையில், விம்கோ நகர் பக்கம், ஒரு எடைமேடை வைத்திருந்தார். லாரி ஏறி நிற்கும், எடை பார்த்துச் சீட்டு கொடுக்கவேண்டும். எடையைக் காட்டும் பெட்டியின் திரை எப்போதோ செத்துப்போய்விட்டது. புதுப் பெட்டிக்குப் பதில் ஒரு பழைய கணினியை வைத்து அதிலேயே எடை தெரிகிற மாதிரி செய்ய முடியுமா என்று என்னிடம் கேட்டார். அப்போதுதான் கல்லூரி முடித்திருந்தேன். முடியும் என்றேன். முடியுமா என்று எனக்கே தெரியாது. “முடிச்சிக் குடுத்தா அந்த நாற்காலில ஒங்க நைனாவ உக்கார வெக்கிறேன் தம்பி” என்றார் பாய். அதற்கப்புறம் முடியாமல் எப்படி விடுவது?

பெட்டியில் இருந்து எடையை வாங்கிக் கணினிக்குத் தரும் அட்டை ஒன்று பழைய சாமான் கடையில் கிடைத்தது. கணினியில் நான் போட்டிருந்த லினக்ஸ் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற நிரல் ஒன்று இருக்கிறது, அதைக் கெர்னல் என்பார்கள். எந்த அட்டை உண்டு, எந்த அட்டை இல்லை என்று முடிவு பண்ணுவது அதுதான். உலகத்தில் எங்கோ ஒருவர் அந்த அட்டைக்காக எழுதி இணையத்தில் போட்டிருந்த திருத்தத்தை எடுத்து, அதிலும் இரண்டு வரி மாற்றி, கெர்னலை நானே கட்டினேன். அந்தக் கிழட்டுக் கணினி அதைக் கட்டி முடிக்கக் காலையில் இருந்து சாயங்காலம் வரை எடுத்துக்கொண்டது. முடிந்ததும் ஒரு லாரியை ஏற்றினோம். திரையில் எண் வந்தது. நைனா அதைச் சத்தமாகப் படித்தார். அன்றிலிருந்து அந்த நாற்காலி அவருடையது.

3

ராட்டர்டாமுக்கு வந்த முதல் வாரம் நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்யப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மா குடும்பப் பெயர் கேட்டார். இல்லை என்றேன்.

“எல்லோருக்கும் இருக்கும்.”

“எங்களுக்கு இனிஷியல்தான் உண்டு.”

“உங்கள் பெயரோடு இருக்கும் அந்தக் கே என்றால் என்ன?”

“கன்னியப்பன். என் நைனா பேர்.”

தட்டிவிட்டார். அன்றிலிருந்து வங்கியிலும் வீட்டு வாடகை ஒப்பந்தத்திலும் நான் திருவாளர் கன்னியப்பன். அன்பு என்ற என் பெயர் ஒரு ஓரத்தில் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிக் கிடக்கிறது. ஒரு தடவை மருத்துவரின் வரவேற்பறையில் “மிஸ்டர் கன்னியப்பன்” என்று மூன்று முறை கூப்பிட்டார்கள். நான் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நைனா எங்கே வந்தார் என்று. போனில் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“அப்ப நானுந்தான் ஃபாரின்ல கீறேன்னு சொல்லு. அந்தக் குளுருக்கு எனக்கும் சேத்து ஒரு சொட்டரு வாங்கிடு.”

கிளம்புவதற்கு முன்னால் நைனாவுக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தேன். கணினியில் பாதுகாப்புத் திருத்தங்களை வாராவாரம் போடவேண்டும் என்று எங்கோ படித்து, அதை வேதமாக எடுத்துக்கொண்ட வயது எனக்கு. ஞாயிற்றுக்கிழமை லாரி அதிகம் வராது. அன்றைக்குத் தொலைபேசி வழியாக இணையத்தில் சேர்ந்து திருத்தங்களை இறக்கிப் போட்டுக்கொள்ள ஒரு விசையை அமைத்தேன். நடுவில் அது ‘தொடரலாமா?’ என்று கேட்கும். தாளில் அந்த விசையைப் படமாக வரைந்து, அதன் கீழே பெரிதாக ஒரே ஒரு எழுத்து எழுதினேன். ஒய். எது கேட்டாலும் ஒய்.

என் தப்பு அந்தத் தாளில் இல்லை. அதற்கும் முந்தியது. நான் கட்டிய கெர்னலுக்குத் தனியாகப் பெயர் வைக்காமல் விட்டுவிட்டேன். அவர்கள் கொடுக்கும் கெர்னலுக்கு என்ன பெயரோ அதே பெயர்தான் என்னுடையதற்கும். வேலை செய்தது, சந்தோஷத்தில் அப்படியே விட்டேன். அவர்கள் அதே பெயரில் புதிய எண் போட்டு ஒன்றை வெளியிட்டதும் புதுப்பிக்கும் நிரல் என்னுடையதைப் பார்த்து, இது நம்முடைய பழைய சரக்குதானே என்று அதன் தலையிலேயே புதியதைக் கொட்டிவிட்டது. அட்டைக்காக நான் சேர்த்த வரிகள் எல்லாம் போச்சு. (அடுத்த விடுமுறையில் போனபோது மறுபடி கட்டி, கெர்னல் பெயரின் வாலில் நைனா பெயரைச் சேர்த்தேன். இப்போது எந்தப் புதுப்பிப்பும் அதைத் தன்னுடையது என்று நினைக்காது. இந்த வேலை செய்கிற தம்பிகள் யாராவது இதைப் படித்தால், முதல் நாளே வாலில் ஒரு பெயர் சேர்த்துவிடுங்கள்.)

ஆனால் கொட்டிய அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. கெர்னல் ஓட ஆரம்பித்துவிட்டால் நினைவகத்தில் இருந்தபடியே ஓடும். ஹார்டு டிஸ்கில் மாறியிருப்பது அணைத்துத் திரும்பப் போடும்போதுதான் தெரியும். பாய் கடையில் அணைப்பதே கிடையாது. கரண்ட் போனாலும் பேட்டரி உண்டு. ஆகவே என் கெர்னல் டிஸ்கில் இல்லாமலே பல வாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

4

சனிக்கிழமை காலை. இங்கே ஏழரை, அங்கே பதினொன்று. சலவைத் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். பாய் கூப்பிட்டார். அவர் என்னை நேராகக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

“தம்பி, நேத்து எல்லாத்தயும் நிறுத்தி, தொடச்சி, ஒங்க நைனா மாலயெல்லாம் போட்டாரு. நாந்தான் பொரிகல்ல வாங்கியாந்தேன். காலைல மிஷின போட்டா எட காட்ட மாட்டேங்குது. ஒம்போது மணிலேர்ந்து வண்டிங்க நிக்குது.”

“சைபராச்சும் வருதா பாய்?”

“சைபரும் இல்ல, ஒண்ணும் இல்ல. காலியா கீது.” குரலைத் தணித்துக்கொண்டார். “தம்பி, மறைக்காம சொல்ட்டுமா? கம்ப்யூட்டர் கடைக்காரரு வந்து உக்காந்துகினு கீறாரு. புது மிஷினு தர்றேன், அத்த ஓட்ட படிச்ச ஆளும் தர்றேன்றாரு. நைனாவ நான் போவச் சொல்லல. ஆனா லாரிக்காரனுங்க அடுத்த வேபிரிட்ஜுக்கு போவ ஆரம்பிச்சிட்டானுங்க. பகல் தொழுகைக்கு பாங்கு சொல்ற வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல என் கைல இல்ல.”

பாங்குக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. போன் அட்டையை எடுத்து எடைமேடைக் கொட்டகையின் தொலைபேசிக்குக் கூப்பிட்டேன். நைனா எடுத்தார்.

“பூஜைல எதுனா கொற வெச்சிட்டனாடா? எலுமிச்சம்பழம் ஒண்ணு கம்மி. அதனாலயா?”

“அதெல்லாம் இல்ல நைனா. ஞாயித்துக்கெழம வேலய பண்ணிகினுதான வந்த?”

“ஒரு ஞாயிறு வுட்டதில்ல. நீ எழுதிக் குடுத்தா மாரியே ஒய்யி, ஒய்யின்னு அடிச்சிகினு வந்தேன். ஒரு வாட்டி மட்டும் ரொம்ப நேரம் ஓடுச்சி. வூட்டுக்குப் போயி சோறு துன்னுட்டு வந்தேன், அப்பவும் ஓடிகினு இருந்துச்சி.”

அந்த ஞாயிறுதான். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்தேன். நான் கட்டிய கெர்னலின் பொதி, பேக்கேஜ் என்பார்கள், ஒன்று அந்தக் கணினியிலேயே ஒரு மூலையில் இருந்தது. அதை எடுத்துத் திரும்பப் போடவேண்டும். போடவேண்டிய ஆள் இங்கிலீஷ் படிக்கத் தெரியாத என் நைனா. கடைக்காரர் எதிரிலேயே இருக்கிறாரே, அவரைப் போடச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவர் வந்ததே அந்த நாற்காலிக்காக; அந்தக் கணமே விட்டேன்.

“நைனா, நான் சொல்றத ஒவ்வொரு எழுத்தா அடிக்கிறியா?”

“அடிக்கிறேன். தட்டுற பலகைல கீறதெல்லாம் பெட்டி எழுத்துதான?”

அதை நான் யோசித்ததே இல்லை. விசைப்பலகையில் அச்சடித்திருப்பது எல்லாம் பெரிய எழுத்து. பெட்டிகளில் அவர் பார்த்த அதே எழுத்து.

“டி போடு.”

“டோக்கியோ டி-யா, டர்பன் டி-யா?”

“டர்பன்.”

“ம்.”

“பி.”

“பம்பாய்யா, பினாங்கா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. ரெண்டையும் விழுங்கிக்கொண்டு “பினாங்கு” என்றேன். அதற்கப்புறம் நான் எழுத்து சொல்லவே இல்லை. ஊர் ஊராகச் சொன்னேன். டர்பன், பினாங்கு, கராச்சி, கோவா. அவர் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ம் போட்டார். தூரத்தில் லாரிகள் ஹாரன் அடித்தபடி இருந்தன. யாரோ ஒரு டிரைவர், “இன்னா பெர்சு, ஃபாரின்காரன் கைல ஜோசியம் கேக்குறியா?” என்று கத்தினான். “வாய மூடிகினு நில்றா, கலீஜு” என்றார் நைனா, போனை நகர்த்தாமலே. என் காது போயிற்று.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. அவர் பெரிய எழுத்தை அழுத்தினால் திரையில் விழுவது சின்ன எழுத்து. அது அவருக்குத் தெரியாது. தான் போட்டது சரியா என்று அவரால் படித்துப் பார்க்க முடியாது. இரண்டு பேரும் இருட்டில் மூட்டை அடுக்குகிற மாதிரிதான்.

முதல் வரி தப்பு. “சின்னதா ஒரு வரி திட்டிட்டு மறுபடி அந்த வேலிக் குறி வந்து நிக்குது” என்றார். அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் # குறியைத்தான் சொல்கிறார். திரும்ப ஒவ்வொன்றாகக் கேட்டேன். சாய்ந்த கோட்டில் தப்பு.

“எந்தப் பக்கம் சாயற கோடு போட்ட?”

“அட்டி இடது பக்கமா சரிஞ்சா மாரி.”

“வலது பக்கம் சரியணும் நைனா.”

“மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?”

மறுபடி போட்டோம். பிடித்துக்கொண்டது. இரண்டாவது வரியும் பிடித்தது. வரிவரியாக ஓடுகிறது என்றார். திடீரென்று, “நின்னுட்டுது. இன்னாவோ கேக்குது” என்றார். “ஒய்யி போட்டுடட்டா? நீதான எழுதிக் குடுத்த?”

“போடாத நைனா! கைய எடு!”

கத்திய கத்தலில் மேல்மாடிக்காரர் தரையைத் தட்டினார். புதியதன் மேல் பழையதைப் போடும்போது அந்த நிரல் கேட்கும் கேள்வி வேறு. ‘இத்தோடு நிறுத்திவிடவா?’ என்று கேட்கும். ஒய் போட்டால் நின்றுவிடும். தொடர ‘நோ’வின் முதல் எழுத்தைப் போடவேண்டும். எது கேட்டாலும் ஒய் என்று ஒரு மனுஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறியவன் நான். அவர் அதை ஒரு வாரம்கூடத் தவறாமல் கேட்டவர். அந்தச் சில விநாடிகளில் எனக்கு வந்த வெட்கத்தை இங்கே எழுதியே ஆகவேண்டும்.

“கைய எடுத்துட்டேன். இன்னா போடணும் சொல்லு.”

“நாகப்பட்டினம்.”

“ம்.” அழுத்தினார். “ஓடுது.”

அடுத்து ஒரு கேள்வி வந்தது. அதற்கு ஒய். “நீ ஒரு நெலையா நில்லுடா” என்றார்.

கணினியை அணைத்துத் திரும்பப் போடச் சொன்னேன். அது எழுந்து வர இரண்டு நிமிஷம். கொட்டகை மின்விசிறி கரகரவென்று சுற்றுவது கேட்டது. பிறகு ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம்.

“சைபர் வந்துட்டுதுடா!”

பாய் “அல்ஹம்துலில்லா” என்றது எனக்கே கேட்டது. நான் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

5

பாங்கு இன்னும் சொல்லவில்லை. பாய் வெளியே போய் “ஏத்து, ஏத்து, வண்டிய ஏத்து” என்று கூவிக்கொண்டிருந்தார். இன்னொரு வரி பாக்கி இருந்தது. இந்தக் கெர்னலைத் தொடாதே, புதுசு வந்தாலும் இதை அப்படியே பிடித்து வை என்று புதுப்பிக்கும் நிரலுக்குச் சொல்லும் வரி. ஹோல்டு என்பார்கள். அதைப் போடாவிட்டால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மறுபடி அழிந்துவிடும். நீளமான வரி. நைனா களைத்திருப்பார் என்று நினைத்தேன்.

“நைனா, இன்னொண்ணு கீது. அத்த சாயங்காலம் பாத்துக்கலாம். நீ வண்டிய பாரு.”

“அது இன்னாது?”

“மறுபடி அழியாம கட்டி வெக்கிறது.”

“மூட்டய ஏத்திட்டு கவுறு கட்டாம எவனாச்சும் வண்டிய எடுப்பானாடா? சொல்லு இப்பவே.” பிறகு வெளியே பார்த்துக் கத்தினார். “பாய்! வண்டி அங்கியே நிக்கட்டும்! கவுறு கட்டிகினு கீறேன்!”

“இன்னாது கன்னியப்பா, லாரி மேடைமேல ஏறிட்டுதுபா!”

“ஏறுனா இறங்கச் சொல்லு!”

கொட்டகையில் யாரோ சிரித்தார்கள். கடைக்காரராகத்தான் இருக்கவேண்டும். நான் ஊர்களைச் சொன்னேன். கராச்சி, ஈரோடு, ரங்கூன், நாகப்பட்டினம். கப்பல் போகாத ஈரோட்டுக்கும் நைனா ஒரு ம் போட்டார். நடுவில் ஒரு நின்ற கோடு வரும். அதற்கு ஒரு விசையைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றைத் தட்டவேண்டும். பிடிக்கிறேன், தட்டுறேன் என்று சொல்லிக்கொண்டே தட்டினார். வரி பிழை சொல்லாமல் போனது. ஆனால் போனதா, பிடித்ததா? எதை எதைக் கட்டி வைத்திருக்கிறது என்று காட்டும் வரியையும் போடச் சொன்னேன்.

“ஒரே ஒரு வரி வந்துச்சிடா.”

“கடைசில நாலு எழுத்து இருக்கும். எப்படி கீதுன்னு சொல்லு நைனா.”

“சின்ன எழுத்து. எனக்குத் தெரியாது.”

“தெரியவேணாம். பாக்கறதுக்கு எப்படி கீது?”

திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோயிருப்பார்.

“மொதல்ல ஒரு நாற்காலி. பக்கத்துல ஒரு முட்ட. அப்பால ஒரு குச்சி. கடைசில முட்டையாண்ட ஒட்டிகினு இன்னொரு குச்சி.”

எச், ஓ, எல், டி. நாலும் சரியாக இருந்தது.

“அவ்ளோதான் நைனா. கட்டியாச்சி. இனிமே அழியாது.”

“இன்னா தம்பி, முடிஞ்சிதா?” என்று பாயின் குரல் போனுக்குப் பக்கத்தில் வந்தது. முடிந்தது என்று நைனாவே சொன்னார். கடைக்காரருக்குப் பொரி கொடுத்து அனுப்புங்கள் என்றும் சொன்னார். லாரி மறுபடி மேடை ஏறும் இரும்புச் சத்தம் கேட்டது. நைனா திரையில் வந்த எடையைச் சத்தமாகப் படித்தார், என்னிடம் இல்லை, டிரைவரிடம். சீட்டு அடிக்கும் இயந்திரம் கிறீச்சிட்டது. பாங்கு அதற்கப்புறம்தான் கேட்டது.

“நைனா,” என்றேன். அந்தத் தாளை எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றுதான் இருந்தது.

எப்போது பேசினாலும் நான் வைக்கும்வரை அவர் போனை வைக்கமாட்டார். நான் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருப்பார் என்று பாய் சொல்லியிருக்கிறார்.

“அப்பால பேசு. பின்னாடி ஏழு வண்டி நிக்குது” என்றார் நைனா. வைத்துவிட்டார்.